கூரை யாருக்கு இருக்கிறது?



புதுப்பிக்கத்தக்க ஆற்றலின் நன்மை தீமைகளைப் பேசச் சொன்னீர்கள். சேலத்துக்காரர்களுக்கு இது புதிதல்ல. மேட்டூரில் 1937-லிருந்து அணைத் தண்ணீரில் மின்சாரம் எடுக்கிறார்கள். அதே ஊரில் 1,440 மெகாவாட் அனல்மின் நிலையமும் இருக்கிறது. தண்ணீரில் எடுத்தால் கரியும் இல்லை, சாம்பலும் இல்லை. ஆனால் அணையில் தண்ணீர் திறந்தால்தான் டர்பைன் சுற்றும். சூரியனும் அப்படித்தான், ராத்திரி ஏழு மணிக்கு இருக்காது. பேட்டரி வேண்டும், அதற்குக் காசு வேண்டும். இதையெல்லாம் பொறியாளர்கள் பார்த்துக்கொள்வார்கள். அவர்கள் கணக்கில் வராத ஒன்றைப் பேசத்தான் நான் வந்தேன்.

2024 பிப்ரவரியில் ஒன்றிய அரசு 'பிரதமர் சூர்ய கர்' திட்டத்தைத் தொடங்கியது. 3 கிலோவாட் பேனல் போட்டால் 78,000 ரூபாய் மானியம். ஆனால் சொந்த வீடு வேண்டும், பேனல் தாங்கும் கூரை வேண்டும். ஒரு கிலோவாட்டுக்கு ஏறக்குறைய 100 சதுர அடி, அதுவும் நிழல் விழாத இடம். சேரியில், அருந்ததியர் தெருவில் எத்தனை வீட்டுக்கு 300 சதுர அடி மொட்டை மாடி இருக்கிறது? நாமக்கல்லில் கோழிக்கு இருக்கிற கூரைகூட அந்தப் பண்ணையில் எரு அள்ளுகிறவருக்கு இல்லை.

சரி, கூரை இருக்கிறது என்றே வையுங்கள். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். இரண்டு விளக்கு, ஒரு ஃபேன், ஒரு டிவி ஓடுகிற வீடு பெரும்பாலும் அதற்குள் அடங்கிவிடும். கரண்ட் பில்லே வராத வீட்டில் பேனல் எதை மிச்சப்படுத்தும்? கடன் தவணையை எதிலிருந்து கட்டுவது? மானியமோ பேனல் மாட்டி முடித்த பிறகுதான் கணக்கில் ஏறும். ஆக, அந்த 78,000 ஏசி ஓடுகிற வீட்டுக்குப் போகிறது.

வயலுக்கு வாருங்கள். சோலார் பம்ப்செட்டுக்குப் பட்டியல் சாதி சிறு, குறு விவசாயிகளுக்குக் கூடுதல் மானியம் உண்டு. வரவேற்கிறேன். ஆனால் பம்ப்புக்குக் கிணறு வேண்டும், கிணற்றுக்கு நிலம் வேண்டும். 1892-ல் நமக்கென்று ஆணை போட்ட பஞ்சமி நிலம் இன்று யார் பட்டாவில் இருக்கிறது?

சூரிய மின்சாரமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. டெல்லியில் 2019-லேயே ஒரு விதிமுறை வந்தது. ஓரிடத்தில் பேனல் இருக்கும், அதன் மின்சாரம் பல வீட்டு பில்களில் பங்காகக் கழியும். இங்கே ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளுக்கும் விடுதிகளுக்கும் சமுதாயக் கூடங்களுக்கும் மாடி இருக்கிறது. பில் வராத வீட்டுக்குக் கழிவு உதவாது என்பதால், மின்வாரியம் அந்தப் பங்கைப் பணமாகத் தர வேண்டும். அடுத்த கிராமசபையில் இதைத் தீர்மானமாக வையுங்கள். இடம் இல்லை என்று சொன்னால், சமுதாயக் கூடத்துச் சாவி யார் வீட்டில் தொங்குகிறது என்று கேளுங்கள்.