"எப்ப வந்தீங்க?" என்ற கேள்வி

(மலையகத் தொழிலாளரும் ஈச்சிலம்பற்று விவசாய, மீன்பிடிக் குடும்பங்களும் சந்தித்த கூட்டத்தில் சங்கத்தின் கல்விப் பிரிவுத் தோழர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



காலையில் நாங்கள் பஸ்ஸை விட்டு இறங்கித் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது, இந்த ஊர் அம்மா ஒருவர் எங்களோடு வந்த கொழுந்தெடுக்கும் தோழி ஒருவரிடம் கேட்டார்: "பிள்ள, நீங்க இந்தியாவில இருந்து எப்ப வந்தீங்க?" அந்தத் தோழி கொஞ்சமும் யோசிக்காமல், "நேத்து ராத்திரி ஹட்டன்ல பஸ் ஏறி வந்தோம் அம்மா" என்றார். எல்லோரும் சிரித்தோம். அந்த அம்மாவும் சிரித்தார். அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை, அன்பாகத்தான் கேட்டார். ஆனால் அந்தத் தோழியின் பாட்டியும் பூட்டியும் இந்த நாட்டில் பிறந்தவர்கள். இன்னும் எத்தனை தலைமுறைக்கு இந்தக் கேள்வி வரும் என்பதைப் பற்றித்தான் பேசலாம் என்று நினைக்கிறேன்.

1820களில் கம்பளை, கண்டிப் பக்கம் வெள்ளைக்காரத் துரைமார் கோப்பித் தோட்டம் போட ஆரம்பித்தார்கள். மலைநாட்டுச் சிங்கள விவசாயிக்குச் சொந்த வயல் இருந்தது, சேனை இருந்தது. துரை கொடுக்கும் கூலிக்குத் தோட்டத்தில் நிரந்தரமாகப் போய்க் கிடக்க அவருக்குத் தேவையில்லை. துரை என்ன சொன்னான்? "சிங்களவன் சோம்பேறி" என்றான். பஞ்சத்திலும் கடனிலும் கிடந்த திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, சேலம் கிராமங்களிலிருந்து நம் ஆட்களைக் கங்காணி மூலம் கூட்டி வந்தபோது, "தமிழன் அடங்கிப் போவான், குறைந்த கூலிக்கு மாடு மாதிரி உழைப்பான்" என்றான். இரண்டு சனத்துக்கும் இரண்டு பட்டம், கொடுத்த வாய் ஒன்று. அந்தப் பட்டங்களை வைத்துத்தான் கூலியைக் கீழே வைத்திருந்தார்கள். வருத்தம் என்னவென்றால், துரை போன பிறகும் அந்த இரண்டு பட்டங்களையும் ஒருவர் மேல் ஒருவர் எறிந்துகொண்டிருப்பவர்கள் நாம்தான்.

வந்த பாதை உங்களுக்குத் தெரியும். தோணியில் மன்னார்க் கரை, அங்கிருந்து காட்டு வழியே மாத்தளை வரைக்கும் கால்நடை. காய்ச்சலிலும் பேதியிலும் வழியில் விழுந்தவர்களுக்குக் கணக்கில்லை. 2023இல், 200 வருட நினைவாக, ஜூலை 28ஆம் திகதி தலைமன்னாரில் தொடங்கி ஓகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளையில் முடிந்த நடைப்பயணத்தில் உங்களில் சிலரும் நடந்திருப்பீர்கள். சாலை போட்டிருக்கிறது, வழியில் தண்ணீர் கொடுக்க ஆள் இருக்கிறது, அப்படியும் கால் கொப்பளித்தது. சிங்கள, முஸ்லிம் மக்களும் கூடவே நடந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

"எப்ப வந்தீங்க" என்பதை அந்த அம்மா கேட்டால் அது பேச்சு. அரசியல்வாதி கேட்டால் வேறு. அவன் எப்போது கேட்கிறான் என்று பாருங்கள். ஏதாவது ஒன்றைப் பங்கிட வேண்டி வரும்போதுதான் கேட்கிறான்.

முதலில் வேலை. ஏ. ஈ. குணசிங்க என்ற பெயரைத் தொழிற்சங்க வகுப்பில் கேட்டிருப்பீர்கள். 1920களில் கொழும்பில் பெரிய வேலைநிறுத்தங்களை நடத்தியவர். துறைமுகத் தொழிலாளியை, டிராம் தொழிலாளியை ஒன்று திரட்டியவர். நம் கோ. நடேசய்யர் ஆரம்பத்தில் அவரோடு சேர்ந்துதான் வேலை செய்தார். ஆனால் 1929க்குப் பிறகு உலகம் முழுவதும் பொருளாதார மந்தம் வந்து வேலை சுருங்கியபோது, அதே குணசிங்க மலையாளித் தொழிலாளிக்கு எதிராகப் பிரசாரம் செய்தார். உன் வேலையைப் பறிப்பவன் முதலாளி இல்லை, கேரளத்திலிருந்து வந்தவன்தான் என்றார். சங்கம் நடத்தும் நாம் மறக்கக் கூடாத பாடம் இது. முதலாளி அதைச் சொல்லியிருந்தால் தொழிலாளி சந்தேகப்பட்டிருப்பான். சங்கத் தலைவர் சொன்னதால் நம்பினான். 1939இல் அரசாங்கம் தன் திணைக்களங்களில் நாட்கூலிக்கு இருந்த இந்தியத் தொழிலாளரை வெளியேற்றத் தொடங்கியது. அதைப் பற்றிப் பேச நேரு இங்கே வந்தார். அந்த ஜூலை மாதம்தான் இலங்கை இந்தியன் காங்கிரஸ் பிறந்தது.

அடுத்தது வாக்கு. 1947 தேர்தலில் நம் ஆட்கள் 7 பேர் பாராளுமன்றம் போனார்கள். வேறு பல தொகுதிகளில் தோட்டத் தொழிலாளியின் வாக்கு இடதுசாரிகளுக்கு விழுந்தது. அடுத்த வருடமே, 1948இல், 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. இலட்சக்கணக்கானோர் ஒரே சட்டத்தில் நாடற்றவர் ஆனார்கள். அதுவரை வாக்காளராக இருந்தவனுக்கு அதற்குப் பிறகு பெயர் "கள்ளத்தோணி". துரை தேடிக் கூட்டி வந்தவன், மண்டபம் முகாமில் ஊசி போட்டு முத்திரை குத்தி அனுப்பப்பட்டவன், அவன் கள்ளத்தோணி! தமிழ்த் தலைவர்களில் செல்வநாயகம் போன்றோர் எதிர்த்தார்கள், கட்சியே பிரிந்தது. ஆனால் அரசாங்கத்தின் பக்கம் நின்ற தமிழ்த் தலைவர்களும் இருந்தார்கள் என்பதைத் தமிழர் கூடிய கூட்டத்தில் நான் சொல்லித்தான் ஆக வேண்டும்.

1949இல் இன்னொரு சட்டம் போட்டு, "விண்ணப்பியுங்கள், தகுதி இருந்தால் தருகிறோம்" என்றார்கள். 8 இலட்சத்துக்கும் அதிகமானோருக்காக விண்ணப்பம் போயிற்று. கிடைத்தது சுமார் 1 இலட்சத்து 34 ஆயிரம் பேருக்கு. எத்தனை வருடம் தொடர்ந்து இங்கே இருந்தாய், ஆதாரம் காட்டு என்றார்கள். லயக் காம்பராவில் பிறந்து, தோட்டத்து மருத்துவிச்சி கையில் விழுந்த பிள்ளைக்கு ஆதாரம் எங்கே? பிரட்டுக்களத்தில் பேர் போட்ட செக்ரோல்தான். அது துரையின் அலமாரியில் இருந்தது.

1964 ஒக்டோபரில் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம். 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு, மிச்சம் 1 இலட்சத்து 50 ஆயிரம் பேரைப் பிறகு பார்ப்போம். 1974இல் அந்த மிச்சத்தை ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள். சந்தையில் மூட்டை பிரிப்பது போல. தாய் ஒரு பட்டியலில், மகன் ஒரு பட்டியலில். கண்டி, ஹட்டன் ஸ்டேஷன்களில் ரயில் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு ஓடியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள்.

சரி, போனவர்களுக்கு அங்கே என்ன கிடைத்தது? "தாயகம்" என்று சொல்லித்தானே அனுப்பினார்கள். நீலகிரியில் கோத்தகிரி, கூடலூர்ப் பக்கம் அரசாங்கத் தேயிலைத் தோட்டத்தில் வேலை கொடுத்தார்கள். அங்கே அவர்களுக்கு என்ன பெயர் தெரியுமா? "சிலோன்காரன்". பேச்சு ஒரு மாதிரி, ரொட்டியும் கட்டச் சம்பலும் தின்கிறவன் என்று பக்கத்து ஊர்க்காரர் விலக்கிப் பார்த்தார்கள். இங்கே இந்தியாக்காரன், அங்கே சிலோன்காரன். 1983க்குப் பிறகு அகதியாகப் போனவர்களைத் தங்கவைத்ததும் அதே மண்டபத்தில்தான். கூலியாக வந்தபோது நின்ற வாசல், அகதியாகத் திரும்பியபோது நின்ற வாசல், இரண்டும் ஒன்று.

"அவர்கள் ஒட்டவே மாட்டார்கள், தனியாகவே இருப்பார்கள்" என்று ஒரு குற்றச்சாட்டு உண்டு. உலகத்தில் எங்கே போனாலும் வந்தேறியைப் பற்றி இதைத்தான் சொல்கிறார்கள். நான் கேட்கிறேன், ஒட்டுவதற்கு எந்த இடத்தை விட்டார்கள்? 10 அடிக்கு 12 அடிக் காம்பரா. அதுவும் கொம்பனிச் சொத்து. கடிதம் வந்தால் தோட்ட ஆபீசுக்கு. 1987 பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவைக் காட்டி, தோட்டத்துக்குள் ஒரு பாதை போடக்கூடப் பிரதேச சபை கையை விரித்தது. 2018இல்தான் அதைத் திருத்தினார்கள். சுற்றிலும் வேலி போட்டுவிட்டு, "ஏன் வெளியே வரவில்லை" என்று கேட்பது என்ன நியாயம்? "சுத்தம் இல்லாதவர்கள்" என்பதும் இப்படித்தான். ஒரு லயத்துக்கு ஒரு பீலித் தண்ணீர் கொடுத்தவனை யாரும் அழுக்கன் என்று சொன்னதில்லை.

இத்தனைக்கும் நாம் ஒட்டாமல் இல்லை. இரத்தினபுரி, காலி, மாத்தறைப் பக்கத் தோட்டங்களில் பக்கத்தில் தமிழ்ப் பாடசாலை இல்லாமல் சிங்களப் பாடசாலைக்குப் போன பிள்ளைகள் சிங்களத்திலேயே கனவு காண்கிறார்கள். தகப்பன் பெயரைச் சொன்னதும் அவர்களையும் பிரித்துத்தான் வைக்கிறார்கள். மொழியை விட்டால் ஏற்றுக்கொள்வார்கள் என்பது எல்லா நேரமும் நடப்பதில்லை. அதே நேரம் மலைத் தோட்டங்களில் மாசி மாதம் காமன் கூத்து இன்னும் ஆடுகிறார்கள். காமன் கூத்து ஆடுகிறவனும் இந்த நாட்டுக்காரன், சிங்களத்தில் கனவு காண்கிறவனும் இந்த நாட்டுக்காரன்.

இப்போது கொஞ்சம் கசப்பான இடத்துக்கு வருகிறேன். 1958, 1977, 1983 என்று அடிபட்டு மலையிலிருந்து வவுனியா, கிளிநொச்சி, இந்தத் திருகோணமலை மாவட்டம் வரை வந்தவர்கள் உண்டு. தமிழன் ஊருக்குப் போகிறோம் என்று வந்தார்கள். பலருக்கு வயலில் கூலிவேலை கிடைத்தது, காட்டை வெட்டிக் குடியிருக்க இடம் கிடைத்தது, உறுதி கிடைக்கவில்லை. "தோட்டக்காட்டான்" என்ற சொல் கிடைத்தது. இந்தச் சொல்லைச் சிங்களவர் கண்டுபிடிக்கவில்லை, இது சுத்தத் தமிழ். சம்பந்தம் பேசும்போது, பாடசாலையில் பெயர் பதியும்போது, காணிக் கச்சேரியில் வரிசையில் நிற்கும்போது அது வெளியே வரும்.

ஈச்சிலம்பற்று மக்களிடம் இதைத் தைரியமாகச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. இந்தக் கரையில், மூதூரிலிருந்து வாகரை வரைக்கும், வேடர் வழி வந்த குடும்பங்கள் வாழ்கின்றன. இன்று இந்தக் கூட்டத்திலும் இருக்கிறீர்கள். தமிழ் பேசுகிறீர்கள், மீன் பிடிக்கிறீர்கள், வெருகல் முருகனுக்கு நேர்த்தி வைக்கிறீர்கள். 1911இல் செலிக்மன் தம்பதியர் எழுதிய வேடர் பற்றிய நூலிலேயே கரையோர வேடரைப் பற்றி இருக்கிறது. குடிசன மதிப்பீட்டில் வேடர் என்று கணக்கிட்டவர்கள் 1946இல் 2,361 பேர், 1953இல் 803 பேர், 1963இல் 400 பேர். அத்தனை பேரும் செத்தா போனார்கள்? இல்லை. எண்ணும்போது பக்கத்துப் பெட்டியில் போட்டுவிட்டார்கள். இந்த மண்ணில் எல்லோருக்கும் முன்னால் இருந்தவரின் பிள்ளையைக் "காட்டான்" என்று சொல்ல, பிறகு வந்த நாங்கள் யாரும் வெட்கப்படவில்லை. முதலில் வந்தவனுக்கு மரியாதை என்பதுதான் சட்டம் என்றால், இந்தக் கூட்டத்தில் கதிரையில் உட்கார வேண்டியவர்கள் அவர்கள், நாமெல்லாம் நிற்க வேண்டும்.

2006இல் மாவிலாற்று மதகிலிருந்து யுத்தம் தொடங்கி, இந்த ஊர் மக்கள் வாகரைக்கும் பிறகு மட்டக்களப்பு முகாம்களுக்கும் ஓடினீர்கள். உங்கள் மாவட்டத்துக்குப் பக்கத்து மாவட்டம், அதே மொழி, அதே சாமி. இருந்தும் முகாமில் சில மாதம் போனதும் "இந்த அகதிகளால் தண்ணிக்கு வரிசை" என்ற பேச்சு காதில் விழுந்தது என்று நேற்று இரவு ஒருவர் சொன்னார். புதிதாக வந்தவன் ஆவதற்குக் கடல் கடக்க வேண்டியதில்லை, பக்கத்து ஆற்றைக் கடந்தால் போதும். அந்த மாவிலாற்றுத் தண்ணீரும் வெருகலாற்றுத் தண்ணீரும் மகாவலியோடு எங்கள் மலையிலிருந்து வருகிறது என்பதை எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேர் இன்றைக்குத்தான் தெரிந்துகொண்டார்கள்.

நம் சங்கத்துக்குள்ளும் பார்க்க வேண்டும். ஆள் பற்றாக்குறை என்று வேறு தோட்டத்திலிருந்து குடும்பம் வந்தால் "வெளியாள்" என்கிறோம், நல்ல மலையை அவர்களுக்குக் கொடுத்துவிட்டான் கங்காணி என்கிறோம். கொழும்பில் கட்டட வேலைத்தலங்களில் சீனாவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் வந்த தொழிலாளரைப் பார்த்துவிட்டு வரும் நம் பையன்கள், "அவனுங்க குறைஞ்ச சம்பளத்துக்கு வேலை செஞ்சு நம்ம பொழப்பக் கெடுக்கிறானுங்க" என்று பேசுகிறார்கள். இதே வாக்கியத்தை நம் தாத்தாவைப் பார்த்துச் சொன்னார்கள். குறைந்த சம்பளம் கொடுப்பவன் யார் என்று கேட்கும் பழக்கம் சங்கத்துக்காரனுக்கு இருக்க வேண்டாமா? நம் வீட்டுப் பெண்கள் குவைத்திலும் சவூதியிலும் அடுப்படியில் நிற்கிறார்கள். கடவுச்சீட்டு எஜமானியின் அலமாரியில் இருக்கிறது. அங்கே அவர்களைப் பற்றி என்ன பேசுகிறார்கள் என்று வெளிநாடு போய் வந்த அக்காமாரிடம் கேளுங்கள். சோம்பேறி, திருடி, சுத்தமில்லாதவள். பட்டியல் மாறவே இல்லை.

2003ஆம் ஆண்டு 35ஆம் இலக்கச் சட்டத்தோடு நாடற்றோர் பிரச்சினை தீர்ந்தது என்கிறார்கள். பிரஜாவுரிமை கிடைத்தது உண்மை, அதற்காகப் போராடியவர்களுக்கு நன்றி. ஆனால் பிறப்புச் சான்றிதழ் இல்லாமல், பெயர் ஒரு தாளில் ஒரு மாதிரி இன்னொரு தாளில் வேறு மாதிரி இருப்பதால், அடையாள அட்டை எடுக்க அலைகிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். மலையிலும் இருக்கிறார்கள், யுத்தத்திலும் சுனாமியிலும் பெட்டியோடு தாள்களைத் தொலைத்த இந்த ஊரிலும் இருக்கிறார்கள். "எப்ப வந்தீங்க" என்று கேட்கும் அதிகாரியிடம் வாயால் பதில் சொல்லிப் பயனில்லை, தாளைக் காட்ட வேண்டும்.

அதனால் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வேப்ப மரத்தடியில் மேசை போட்டிருக்கிறோம். பிறப்புச் சான்றிதழ் இல்லாதவர்கள், பெயர் திருத்தம் உள்ளவர்கள், காணி ஒப்பத்துக்கு விண்ணப்பித்துப் பதில் வராதவர்கள் கையில் இருக்கும் துண்டு துணுக்கையெல்லாம் கொண்டு வாருங்கள். பாடசாலை விடுகைப் பத்திரம், கிளினிக் கொப்பி, ஞானஸ்நானத் தாள், பழைய செக்ரோல் பிரதி, எதுவானாலும் கொண்டு வாருங்கள். மலையிலிருந்து வந்த இரண்டு தோழர்கள் விண்ணப்பத்தை நிரப்பித் தருவார்கள். இந்த ஊர்ப் பிள்ளைகளில் எழுத்து அழகாக உள்ளவர்கள் இரண்டு பேர் வந்தால் வேலை சீக்கிரம் முடியும். எங்கள் பஸ் நான்கு மணிக்கு.