பதில் வந்துச்சா?

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறுற வழியில், பர்லியார்ல பஸ் நின்னிருக்கு. மங்குஸ்தான் கூடைகள், குரங்குகள், டீக்கடை. பக்கத்துல அப்பா.

கடைக்குள்ள பெஞ்ச் காலியாதான் இருக்கு. யாரும் தடுக்கல. ஆனாலும் அப்பா கிளாஸை வாங்கிட்டு வெளியே வந்து நின்னுதான் குடிக்கிறார். சின்ன வயசுல ஊர் டீக்கடையில அவருக்குத் தனி டம்ளர். குடிச்சிட்டு அவரே கழுவி வைக்கணும். அறுபது வயசுக்கு மேலாகியும் உடம்பு அதை மறக்கல.

இந்த மாதிரி ஒரு விஷயத்தை உலகத்துகிட்ட எப்படி எடுத்துட்டுப் போறது? அம்பேத்கருக்கும் இந்தக் கேள்வி இருந்தது. 1946 ஜூனில் அமெரிக்கக் கறுப்பின மக்களின் அமைப்பு ஒன்று, தங்களுக்கு நடக்கும் அநீதியைப் பற்றி ஐ.நா.வுக்கு மனு கொடுத்தது. அதைக் கேள்விப்பட்ட அம்பேத்கர், கறுப்பின அறிஞர் டபிள்யூ. ஈ. பி. டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். எங்க மக்களும் ஐ.நா.வுக்குப் போக யோசிக்கிறோம், அந்த மனுவில் ரெண்டு மூணு பிரதி கிடைக்குமான்னு கேட்டார்.

அந்தப் பாதை அதோட முடியல. 1966ல் அமெரிக்காவில் பிளாக் பாந்தர் கட்சி தொடங்கியது. அதைப் பார்த்து 1972ல் பம்பாய் இளைஞர்கள் தங்களை 'தலித் பாந்தர்' என்று அழைத்துக்கொண்டார்கள். நம்ம ஊர் 'சிறுத்தைகள்' என்ற பெயரின் வேர் அங்கேதான்.

2001ல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் இனவெறிக்கு எதிரான ஐ.நா. மாநாடு. அடிமை முறை மனித குலத்துக்கு எதிரான குற்றம் என்பதை ஏற்கவைக்க ஆப்பிரிக்க வம்சாவளியினர் வந்திருந்தார்கள். சாதியையும் பேசணும்னு தலித் செயல்பாட்டாளர்கள் போனார்கள். சாதி வேறு, இனம் வேறு என்றது இந்திய அரசு. இறுதி அறிக்கையில் 'சாதி' என்ற சொல்லே வரல. ஆனா அடுத்த வருஷமே, 2002ல், ஐ.நா.வின் இனப்பாகுபாடு ஒழிப்புக் குழு, வம்சாவளி அடிப்படையிலான பாகுபாட்டில் சாதியும் அடங்கும் என்று சொன்னது.

இதெல்லாம் அப்பாகிட்ட சொல்லிட்டிருந்தேன். அவர் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டார்: "அந்தக் கடிதத்துக்குப் பதில் வந்துச்சா?"

வந்துச்சுப்பா. 1946 ஜூலை 31ஆம் தேதியே டு பாய்ஸ் பதில் எழுதிட்டார். உங்க மக்கள் மேல எனக்கு முழு அனுதாபம் உண்டு, என்னால ஆனதைச் செய்றேன்னு.

அப்பா தலையாட்டிட்டு, ஞாபகமா கிளாஸைக் கழுவப் போனார். நான் வாங்கி வெச்சேன். டிரைவர் ஹாரன் அடிக்கிறார். அடுத்த எபிசோடில் பேசலாம்.