விமானி செஷயரின் வீரம்



வீரம் என்றால் ஒரு நொடியில் பொங்கி எழும் துணிவு என்றே நாம் பெரும்பாலும் எண்ணுகிறோம். பிரிட்டனின் தலையாய வீர விருதாகிய விக்டோரியா சிலுவையும் பெரும்பாலும் ஏதேனும் ஓர் அருஞ்செயலுக்காகவே வழங்கப்படுவது. ஆனால் 1944 செப்டம்பரில் லெனார்டு செஷயர் என்னும் குண்டுவீச்சு விமானிக்கு அது அளிக்கப்பட்டது ஒரு நாள் செயலுக்காக அன்று. நான்கு ஆண்டுகளில் நூறு முறை பகைவர் வானத்துள் பறந்து சென்று திரும்பியமைக்காக. அப்போது அவருக்கு வயது 27.

1940 நவம்பரில் ஓர் இரவு, ஜெர்மனியின் கொலோன் நகருக்கு அருகே அவருடைய விமானத்தைப் பீரங்கிக் குண்டு தாக்கியது. உள்ளிருந்த ஒளிக்குண்டு வெடித்து, விமானத்தின் பக்கச் சுவர் பிளந்தது. வானொலி இயக்கிய இளைஞர் உடல் கருகினார். பிளந்த விமானத்தைச் செஷயர் இங்கிலாந்து வரை ஓட்டிக் கொணர்ந்தார்.

25 வயதில் குரூப் கேப்டன் பதவி கிடைத்தது. அப்பதவியில் இருந்தால் போர்முனைக்குப் பறக்க இயலாதென்று, 1943-இல் தாமே ஒரு படி இறங்கி 617-ஆம் படைப்பிரிவின் தலைமையை ஏற்றார். பதவி உயர்வுப் பட்டியலை நோக்கித் தவம் கிடக்கும் எம் போன்ற ஆசிரியர்களுக்கு இது விளங்குவது சற்றுக் கடினமே!

இரவில் மிக உயரத்திலிருந்து வீசும் குண்டு இலக்கில் மட்டும் விழுவதில்லை. அக்கம்பக்கத்து வீடுகளிலும் விழும். ஆகவே ஒருவர் தாழப் பறந்து தீக்குண்டுகளால் இலக்கை அடையாளம் காட்டினால், மற்றவர் குறி தப்பாது என்று செஷயர் வலியுறுத்தினார். அந்த ஒருவர் தாமே ஆனார். 1944 பிப்ரவரியில் பிரான்சின் லிமோஜ் நகரில், ஜெர்மானியர் வசமிருந்த விமான எஞ்சின் தொழிற்சாலையைத் தகர்க்க வேண்டியிருந்தது. உள்ளே இரவு வேலையில் பிரெஞ்சுத் தொழிலாளர்கள். செஷயர் கூரையை உரசுவதுபோல் மூன்று முறை பறந்தார். எச்சரிக்கை பகைவனுக்கும் எட்டும் என்பதை அறியாதவரா அவர்? தொழிலாளர் வெளியே ஓடிப் பதுங்கினர். நான்காம் முறை வந்தே அடையாளம் இட்டார். தொழிற்சாலை தகர்ந்தது.

ஆயினும் குண்டு குண்டுதான். அவர் சென்ற தாக்குதல்களில் நகரங்களும் எரிந்தன. இதை நாம் மறைப்பது முறையன்று. 1945 ஆகஸ்டு 9-ஆம் நாள் நாகசாகி அணுகுண்டு வெடித்ததைப் பிரிட்டனின் பார்வையாளராக விமானத்திலிருந்து கண்டவரும் அவரே.

போர் முடிந்தபின், 1948-இல், புற்றுநோயால் இறந்துகொண்டிருந்த ஒருவரை மருத்துவமனை மேலும் வைத்துக்கொள்ள இயலாத நிலை. கையில் பணமின்றி, லெ கோர்ட் என்னும் பெரிய பழைய வீட்டில் இருந்த செஷயர் அவரை அங்கே அழைத்துவந்தார். சமைத்தார், குளிப்பாட்டினார், மலசலம் எடுத்தார். நம் முன்னோரைச் செய்யவைத்து, செய்ததற்காகவே இழிந்தோர் என ஒதுக்கினார்களே, அந்த வேலையை விக்டோரியா சிலுவை பெற்றவர் செய்தார். அந்த நோயாளி அவ்வீட்டிலேயே கண்மூடினார். பின்னர் முதியோரும் தீரா நோயினரும் ஒருவர்பின் ஒருவராக வந்து சேர்ந்தனர். 1950-களில் பம்பாயின் அந்தேரியிலும் அத்தகைய இல்லம் ஒன்று எழுந்தது.