கடை மூடும் நேரமும் கற்றுக்கொள்ளும் நேரமும்

(கல்வி உதவித்தொகை வழங்கும் நிகழ்ச்சியில் நமது அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த ஆண்டு விண்ணப்பங்களை வாங்கிக்கொண்டிருந்தபோது ஒரு தாய் எங்களிடம் ஒரு கேள்வி கேட்டார். இளைய மகளுக்கு உதவித்தொகை கேட்டு வந்தவர், மூத்த மகனைப் பற்றிப் பேசினார். "பாய், பெரியவன் மெட்ராஸ்ல ஒரு கடையில நிக்கிறான். காலையில ஒன்பது மணிக்குப் போனா ராத்திரி பதினொன்னு ஆகுது. இப்படி உழைச்சா முன்னுக்கு வந்துருவான்தானே?" என்றார். "இன்ஷா அல்லாஹ்" என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட்டோம். ஆனால் அந்தக் கேள்வி எங்களை விடவில்லை. இன்று அவருக்குச் சொல்ல வேண்டிய பதிலைத்தான் உங்கள் எல்லோர் முன்னிலையிலும் சொல்லப் போகிறோம்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். உழைப்பைக் குறைத்துப் பேச நாங்கள் வரவில்லை. மார்க்கம் உழைப்புக்குத் தந்திருக்கும் கண்ணியம் நாம் அறிந்ததே. அரசராக இருந்த தாவூத் நபி (அலை) அவர்கள் தம் கையால் உழைத்தே உண்டார்கள் என்று நாயகம் (ஸல்) அவர்கள் எடுத்துச் சொன்னார்கள். ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் பூமியில் பரவிச் சென்று அல்லாஹ்வின் அருளைத் தேடும்படி திருக்குர்ஆன் நமக்குக் கட்டளையிடுகிறது. சோம்பலுக்கு நம் மார்க்கத்தில் இடமில்லை.

உழைத்து உயர்ந்தவர் என்றால் நம் பிள்ளைகளின் வாயில் முதலில் வரும் பெயர் டாக்டர் அப்துல் கலாம் அவர்களுடையது. 1931ஆம் ஆண்டு இராமேசுவரத்தில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இராமேசுவரத்தில் ரயில் நிற்காமல் போனது. ஓடும் ரயிலிலிருந்து வீசப்பட்ட செய்தித்தாள் கட்டுகளைப் பொறுக்கி எடுத்து ஊருக்குள் போட்டதுதான் அவருடைய முதல் சம்பாத்தியம். சின்ன வயதிலேயே விடியலுக்கு முன் எழுந்து கணக்குப் பாடத்துக்குப் போனார், குர்ஆன் ஓதப் போனார், பள்ளிக்கூடத்துக்கும் போனார். இந்தக் கதையை மேடைதோறும் கேட்டிருக்கிறோம். நாங்களும் சொல்லியிருக்கிறோம். ஆனால் அதில் நாம் கவனிக்காமல் விட்டுவிடும் மூன்று விஷயங்கள் இருக்கின்றன.

ஒன்று, அந்தச் சிறுவனின் நாளில் வேலைக்குச் சிறு பங்குதான் போனது. பெரும் பங்கு கற்பதற்குப் போனது. செய்தித்தாள் போட்டதற்காக அவர் படிப்பு நிற்கவில்லை.

இரண்டு, அவருடைய உழைப்புக்குப் பின்னால் மற்றவர்களின் உழைப்பு இருந்தது. மகன் எழுவதற்கு முன்பே தாயார் எழுந்திருந்தார். சென்னை எம்.ஐ.டி.யில் இடம் கிடைத்தபோது கட்டணத்துக்குப் பணமில்லை. சகோதரி ஜொஹரா தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தார். தன் சொந்தச் சம்பாத்தியத்தில் அவற்றை மீட்டுத் தருவேன் என்று கலாம் அன்று மனதில் உறுதி எடுத்துக்கொண்டார்.

மூன்றாவதுதான் முக்கியமானது. 1979 ஆகஸ்ட் 10ஆம் தேதி, அவர் திட்ட இயக்குநராக இருந்து உருவாக்கிய எஸ்.எல்.வி.-3 ராக்கெட் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிச் சில நிமிடங்களில் கடலில் விழுந்தது. ஆண்டுக்கணக்கான உழைப்பு. பல நாட்களாகச் சரியான தூக்கமில்லை. உடலும் மனமும் ஓய்ந்துபோய் அறைக்குச் சென்று படுத்துவிட்டார். பிற்பகலில் கண் விழித்தபோது, அவருடைய மேலதிகாரி டாக்டர் பிரம்ம பிரகாஷ் கட்டிலருகே உட்கார்ந்திருந்தார். சாப்பிடப் போகலாமா என்றுதான் கேட்டார். அதற்கு முன்பே இருமுறை வந்து, தூங்குவதைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிருந்தார் என்பது கலாமுக்குப் பிறகுதான் தெரிந்தது. இதை அவரே தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். அடுத்த ஆண்டு, 1980 ஜூலை 18 அன்று, அதே குழு ரோகிணி செயற்கைக்கோளை விண்ணில் நிலைநிறுத்தியது.

பெரியோர்களே, எத்தனை முதலாளிகள் வேலையாள் தூங்கி எழும் வரை காத்திருந்து, சாப்பிட வா என்று கூப்பிடுகிறோம்? கலாமின் கடின உழைப்பைப் பிள்ளைகளுக்குச் சொல்கிற நாம், பிரம்ம பிரகாஷின் பொறுமையை நமக்கு நாமே சொல்லிக்கொள்வதில்லை.

இப்போது எங்கள் தவறு ஒன்றை இந்தச் சபையில் ஒப்புக்கொள்ள வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் இதே போன்ற நிகழ்ச்சியில் நம் ஊர் இளைஞர் ஒருவருக்குப் பொன்னாடை போர்த்தினோம். வெளியூரில் ஒரு பெரிய கடையில் தினமும் 15 மணி நேரம் வேலை செய்து குடும்பத்தைக் காப்பாற்றுகிறார் என்று புகழ்ந்தோம். அவர் குடும்பத்தைக் காப்பாற்றியது உண்மை. அதற்கு அல்லாஹ்விடம் கூலி உண்டு. ஆனால் அந்தப் புகழ்ச்சியைக் கேட்டு, பாலிடெக்னிக்கில் படித்துக்கொண்டிருந்த இரண்டு பிள்ளைகள் பாதியில் நிறுத்திவிட்டு அதே போன்ற வேலைக்குப் போனார்கள். அந்த இளைஞரோ ஐந்தாம் வருடம் கால் நரம்பு சுருண்டு, இடுப்பு வலியோடு ஊர் திரும்பினார். "இத்தனை வருஷத்துல என்ன தொழில் கத்துக்கிட்டீங்க?" என்று கேட்டோம். "பில் போடக்கூட விட்டதில்ல பாய். பண்டல் தூக்கினேன், துணி மடிச்சேன்" என்றார்.

அந்தப் பதில் எங்களைச் சுட்டது. அவர் உழைக்காமல் இல்லை. அவருடைய ஐந்து வருடங்களில் முதல் மாதம் கற்றதையே அறுபது மாதமும் செய்யவைத்திருக்கிறார்கள். நாங்கள் அவருடைய மணிக்கணக்கை எண்ணிப் புகழ்ந்தோமே தவிர, அந்த நேரத்தில் அவருக்கு என்ன சேர்கிறது என்று விசாரிக்கவில்லை.

நேரம் மட்டும் எதையும் சாதிக்காது என்பதற்கு நம் ஊர்க் கோட்டையே சாட்சி. தக்காணத்திலிருந்து வந்த முகலாயத் தளபதி சுல்பிகார் கான் 1690இல் செஞ்சியை முற்றுகையிட்டார். 1698இல்தான் கோட்டை விழுந்தது. எட்டு வருடம்! அந்த எட்டு வருடமும் அவர் மும்முரமாகப் போரிடவில்லை, உள்ளே இருந்த இராஜாராமோடு இரகசியப் பேச்சு வைத்துக்கொண்டு காலத்தை ஓட்டினார் என்று வரலாற்றாசிரியர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். ஔரங்கசீப் நெருக்கிய பிறகு உண்மையாகத் தாக்கினார், கோட்டை கைக்கு வந்தது. மலையடிவாரத்தில் கூடாரம் போட்டு உட்கார்ந்திருப்பது வேறு, மலை ஏறுவது வேறு.

கற்கும் உழைப்பு எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள நாம் தூரம் போக வேண்டியதில்லை. ஹிஃப்ழ் மதரஸாவைப் பாருங்கள். பிள்ளைகள் ஃபஜ்ருக்கு முன் எழுந்து, மனம் தெளிவாக இருக்கும் நேரத்தில் புதுப் பாடத்தை ஒப்பிக்கிறார்கள். பிறகு சமீபத்தில் முடித்த பாடம், அதன்பின் பழைய பாடம். பிழை விட்டால் உஸ்தாத் அந்த இடத்திலேயே நிறுத்தித் திருத்துகிறார். மதியம் கொஞ்சம் கைலூலாத் தூக்கம். மூன்று நான்கு வருடங்களில் முழுக் குர்ஆனும் நெஞ்சில் நிற்கிறது, அல்ஹம்துலில்லாஹ்.

இதே முறையை உலக ஆராய்ச்சியும் கண்டிருக்கிறது. எரிக்சன் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் பெர்லினில் இசை பயிலும் மாணவர்களை ஆராய்ந்து 1993இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பத்தாயிரம் மணி நேரம் உழைத்தால் எதிலும் நிபுணராகலாம் என்று இன்று எல்லோரும் சொல்கிறார்களே, அந்தப் பேச்சுக்கு மூலம் இந்த ஆய்வுதான். ஆனால் அதில் கண்ட மற்றொன்றை யாரும் சொல்வதில்லை. மிகச் சிறந்த மாணவர்கள் தனியாகப் பயிற்சி செய்தது நாளுக்குச் சுமார் மூன்றரை மணி நேரம்தான். இடையிடையே ஓய்வு எடுத்தார்கள். மற்றவர்களைவிட அதிகம் தூங்கினார்கள், பகலிலும் தூங்கினார்கள். கவனத்தோடு, திருத்துபவர் துணையோடு, ஓய்வோடு, பல வருடம் விடாமல் செய்ததுதான் அவர்களை உயர்த்தியது. சிறிதளவே ஆனாலும் தொடர்ந்து செய்யப்படும் அமலே அல்லாஹ்வுக்கு மிகவும் விருப்பமானது என்று நாயகம் (ஸல்) அவர்கள் கற்றுத் தந்ததும் நினைவுக்கு வருகிறது.

2023இல் இன்ஃபோசிஸ் நாராயண மூர்த்தி, இளைஞர்கள் வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றார். 2025 ஜனவரியில் எல் அண்ட் டி நிறுவனத் தலைவர் 90 மணி நேரம் என்று பேசியது பெரிய சர்ச்சையானது. நம் பிள்ளைகள் பலர் ஏற்கெனவே அந்தக் கணக்கில்தான் இருக்கிறார்கள், பத்திரிகைகளில் செய்தி வராததுதான் குறை. அந்தத் தாயின் மகனையே எடுத்துக்கொள்ளுங்கள். நாளுக்கு 14 மணி நேரம், வாரம் 6 நாள் என்றால் 84 மணி நேரம். வாரத்தின் மொத்தம் 168 மணி. எட்டு மணி நேரத் தூக்கத்துக்கு 56 போனால், மீதம் 28. அதாவது நாளுக்கு சராசரி நான்கு மணி நேரத்தில் குளியல், சாப்பாடு, போக்குவரத்து, தொழுகை, வீட்டாரோடு ஒரு வார்த்தை. கற்பதற்கு நேரம் எங்கே? அவர் தூக்கத்திலிருந்துதான் எடுக்க முடியும்.

அதற்கும் விலை உண்டு. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் வெளியிட்ட ஆய்வின்படி, வாரம் 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிடப் பக்கவாத ஆபத்து 35 சதவீதம் அதிகம். இதய நோயால் இறக்கும் ஆபத்து 17 சதவீதம் அதிகம். பகலெல்லாம் நோன்பு, இரவெல்லாம் வணக்கம் என்றிருந்த தம் தோழரிடமே, உன் உடலுக்கும் கண்ணுக்கும் மனைவிக்கும் உன்மீது உரிமை உண்டு என்று நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தினார்கள். வணக்கத்துக்கே அந்த வரம்பு என்றால் வியாபாரத்துக்கு இல்லையா?

இங்கே கடை வைத்திருக்கும் சகோதரர்கள் பலர் இருக்கிறீர்கள். நீங்கள்தான் இந்த அறக்கட்டளையின் தூண்கள். உங்கள் ஜகாத்திலும் சதகாவிலும்தான் இந்த உதவிகள் நடக்கின்றன. உரிமையோடு சொல்கிறோம். 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், நாளுக்கு 8 மணி நேரம், வாரம் 48 மணி நேரம் என்று அளவு வைத்தது. அதற்கு மேல் வேலை வாங்கினால் இரட்டிப்புச் சம்பளம் என்றும் சொன்னது. நாளெல்லாம் நிற்கும் பணியாளருக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021இல் நம் சட்டமன்றம் அந்தச் சட்டத்தில் ஒரு திருத்தம் சேர்த்தது. 2023 ஏப்ரலில் தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா நிறைவேறியபோது எழுந்த எதிர்ப்பால், மே தினத்தன்றே அது திரும்பப் பெறப்படுவதாக முதலமைச்சர் அறிவித்தார். சட்டத்தை விடுங்கள். உங்களிடம் பணி செய்வோர்மீது தாங்க முடியாத சுமையை ஏற்றாதீர்கள், ஏற்றினால் நீங்களும் கைகொடுங்கள் என்ற நபிமொழி நமக்குப் போதாதா? வேலையாளின் சம்பளம் எப்படி அமானத்தோ, அவருடைய நேரமும் அப்படித்தான்.

ஆகவே அறக்கட்டளை ஒரு முடிவு எடுத்திருக்கிறது. இனி எந்தக் கடைக்காவது ஒரு பிள்ளையைச் சிபாரிசு செய்யும் முன் மூன்று கேள்விகள் கேட்போம். இரவு எத்தனை மணிக்கு விடுவீர்கள்? வாரத்தில் ஒரு நாள் விடுமுறை உண்டா? ஒரு வருடத்தில் கொள்முதல், கணக்கு, ஜி.எஸ்.டி. இவற்றில் எதைக் கற்றுக்கொடுப்பீர்கள்? யாரும் வருத்தப்பட வேண்டாம். வேலையில் இருக்கும் இளைஞர்களுக்காக, ஞாயிறுதோறும் ஃபஜ்ருக்குப் பின் இரண்டு மணி நேரம் நம் அலுவலக மாடியில் கணக்குப் பயிற்சியும் போட்டித் தேர்வுப் பயிற்சியும் தொடங்குகிறோம். கட்டணம் இல்லை.

இளைஞர்களே, வேலைக்குப் போங்கள், நன்றாக உழையுங்கள். வாங்கும் சம்பளத்துக்குக் குறையாமல் உழையுங்கள், அது கடமை. ஆனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை உங்களையே கேளுங்கள்: போன முறை தெரியாத எதை இப்போது தெரிந்துகொண்டிருக்கிறேன்? ஒன்றும் இல்லை என்றால் எங்களிடம் வாருங்கள், உட்கார்ந்து பேசுவோம். கைப்பேசியில் போகும் இரவு நேரத்தையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். அதை எந்த முதலாளியும் உங்களிடமிருந்து பிடுங்கவில்லை.

தாய்மார்களே, உங்கள் வேலை நேரத்தை யாரும் எண்ணுவதில்லை என்பது எங்களுக்குத் தெரியும். உங்கள் மகன் பொன்னாடை வாங்கும்போது அதில் பாதி உங்களுடையது. மகள் படிக்க உட்காரும் நேரத்தில் அவளைச் சமையலுக்குக் கூப்பிடாமல் மகனைக் கூப்பிடுங்கள். அதுவும் ஓர் உதவித்தொகைதான்.

பொன்னாடை போர்த்திய அந்த இளைஞர் இப்போது என்ன செய்கிறார் என்று நீங்கள் கேட்கலாம். மாலை வகுப்பில் கணினிக் கணக்கு படித்தார். இங்கேயே ஒரு நெல் மண்டியில் கணக்கு எழுதுகிறார். சம்பளம் முன்பைவிடக் கொஞ்சம் குறைவுதான், கால் வலியும் முழுதாகப் போகவில்லை. ஆனால் மஃக்ரிபுக்கு ஜமாஅத்தோடு நிற்கிறார், பிள்ளைக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறார். படிப்பை நிறுத்திய இருவரில் ஒருவரை மீண்டும் சேர்த்துவிட்டோம். இன்னொருவரிடம் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

கேள்வி கேட்ட அந்தத் தாயும் இந்தச் சபையில் இருக்கிறார். அவருக்கு எங்கள் பதில் இது: அம்மா, உங்கள் மகன் உழைக்கிறார், அதில் சந்தேகமில்லை. அவர் முன்னுக்கு வருவாரா என்பதை, கடை மூடும் நேரத்தை வைத்துச் சொல்ல முடியாது. அடுத்த முறை போனில் பேசும்போது, "சாப்பிட்டியா, தூங்கினியா" என்று கேட்டுவிட்டு, "இந்த மாசம் என்ன கத்துக்கிட்டே" என்றும் கேளுங்கள். பதில் வரவில்லை என்றால், ஊருக்கு வரும்போது எங்களை வந்து பார்க்கச் சொல்லுங்கள்.

அல்லாஹ் நம் அனைவரின் உழைப்பிலும், நேரத்திலும், ரிஸ்கிலும் பரக்கத் செய்வானாக. நம்மிடம் உழைப்பவர்களின் உரிமையைக் குறைவின்றி நிறைவேற்றும் மக்களாக நம்மை ஆக்குவானாக. ஆமீன். வஸ்ஸலாம்.