குடியை விட விரும்புவோன் எங்கே செல்வான்?

(புத்தளத்தில் நிகழ்த்திய உரை)



மதுவிலக்கைப் பற்றிப் பேசுமாறு எம்மை அழைத்தீர்கள். தவறணைகளை மூடுக என்று முழங்கினால் கைதட்டல் கிடைக்கும் என்பதை அறிவோம். அத்தகைய தீர்மானங்களைப் பல மேடைகளில் நாம் வழிமொழிந்தும் இருக்கின்றோம். இன்று பேச வந்தது வேறு. தவறணை மூடினாலும் மூடாவிட்டாலும், குடியை விட்டுவிட வேண்டும் என்று இன்றிரவு எண்ணுகின்ற ஒருவன் நாளைக் காலை யாரிடம் செல்வான்? இதுவே எமது வினா.

சட்டம் இருக்கின்றதே என்பீர்கள். கசிப்புக் காய்ச்சுவோனை 1912ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டம் தண்டிக்கின்றது. 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் 21 வயது நிரம்பாதோருக்கு மது விற்பதைத் தடுக்கின்றது. நல்ல சட்டங்களே. ஆனால் விற்பவனைத் தேடிச் செல்லும் சட்டம் குடிப்பவனுக்குக் கைகொடுப்பதில்லை. மன்றிலே தண்டப்பணம் கட்டுபவன் பெரும்பாலும் மனைவியின் நகையை அடகு வைத்தே கட்டுகின்றான் என்பதை எம் தொழிலில் உள்ளோர் நன்கறிவர்.

உடப்பில் கரைவலை இழுப்போரைப் பாருங்கள். அம்பாப் பாட்டுக்கு இசைய இருபுறக் கயிற்றையும் பலர் சேர்ந்து இழுக்கின்றனர். தனியொருவன் இழுத்து வலை கரையேறக் கண்டவர் உண்டோ? குடியை மட்டும் "நீயே தனியாக இழுத்துக்கொள்" என்று சொல்லிவிட்டு நாம் கரையில் நின்று ஏசுகின்றோம்.

1935ஆம் ஆண்டு மே மாதம், அமெரிக்காவின் அக்ரன் நகரிலே நடந்ததைச் சொல்கின்றோம். வில்லியம் வில்சன் என்னும் பங்குத் தரகர், வந்த காரியம் தோற்று, விடுதியின் முன்கூடத்தில் நின்றார். குடியை விட்டுச் சில மாதங்களே ஆகியிருந்தன. ஒருபுறம் மதுக்கூடம், மறுபுறம் தொலைபேசி. அவர் தொலைபேசியை எடுத்தார். கிறித்துவ குருமார் ஒருவர் வழியாக விசாரித்து, தம்மைப் போன்ற வேறொரு குடிநோயரைத் தேடினார். கிடைத்தவர் இராபர்ட் ஸ்மித் என்னும் சத்திரசிகிச்சை வைத்தியர். கால்மணி நேரமே இருப்பேன் என்று வந்த வைத்தியர் பல மணி நேரம் இருந்தார். புத்தி சொல்வோரை அவர் போதிய அளவு கேட்டிருந்தார். தம் கதையையே சொல்லும் ஒருவரை அன்றுதான் கண்டார். அவ்வாண்டு யூன் 10ஆம் நாளுக்குப் பின் ஸ்மித் குடிக்கவில்லை. அந்நாளே 'அல்கஹோலிக்ஸ் அனோனிமஸ்' என்னும் இயக்கத்தின் பிறந்தநாள். மூன்றாமவராகச் சேர்ந்தவர், வைத்தியசாலைக் கட்டிலோடு கட்டப்பட்டுக் கிடந்த ஒரு சட்டத்தரணி. இது எம் தொழிலுக்குப் பெருமையா, சிறுமையா என்பதை அவையோரே தீர்மானிக்கலாம்!

அக்கூட்டத்திலே கட்டணம் இல்லை. பெயர்ப் பதிவும் இல்லை. குடியை விடும் விருப்பம் ஒன்றே தகுதி. முதல் நாள் வாய் திறவாமல் இருந்துவிட்டு வரலாம். கடவுளை அவரவர் விளங்கியவாறு கொள்ளலாம் என்பதால் கோயிலாரும் தேவாலயத்தாரும் பள்ளிவாசலாரும் ஒரே அறையில் அமர இடமுண்டு. இதனால் பயன் உண்டோ என்று படித்தவர்கள் கேட்பீர்கள். 10,565 பேரைக் கொண்ட 27 ஆய்வுகளை ஒப்புநோக்கிய கொக்ரேன் ஆய்வுரை 2020இல் வெளிவந்தது. தொடர்ந்து குடியாதிருப்பதற்கு, இவ்வழியில் முறைப்படி சேர்த்துவிடும் சிகிச்சை ஏனைய சில சிகிச்சைகளிலும் மேம்பட்டது என்று அது கண்டது.

இனி, தேடும் வழி. தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 என்னும் தொலைபேசி இலக்கத்தில் ஆலோசனை கேட்கலாம். கொழும்பிலே சுமித்திரயோவின் 'மெல் மெதுர' குடிநோயருக்கும் அவர்தம் குடும்பத்தாருக்கும் உதவுகின்றது. கூட்டம் எம்மொழியில் நடக்கும், குடிநோயர் மட்டும் வருவதா, உறவினரும் வரலாமா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். மனைவியர், மக்களுக்கென 1951 முதல் 'அல்-அனோன்' என்னும் தனிக் கூட்டமும் உலகில் உண்டு. ஒன்றை அழுத்திச் சொல்வோம்: நாள்தோறும் மிகையாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பும் சித்தக் கலக்கமும் வந்து உயிருக்கே ஊறு நேரலாம். ஆதலால் புத்தளத்திலோ சிலாபத்திலோ உள்ள அரசாங்க வைத்தியசாலையில் வைத்தியரை முதலில் காணுதல் வேண்டும். வீட்டுக்குள் பூட்டி வைப்பது வைத்தியம் ஆகாது.

எமது கரையோரத்தின் தடை வேறு. கற்பிட்டி முதல் உடப்பு வரை யாவரும் யாவருக்கும் மச்சான், மாமன், சம்பந்தி. பெயர் சொல்லாதிருந்தும் பயன் என்ன? முகத்தைக் கண்டாலே குலம் தெரிந்துவிடும்! இஸ்லாமியச் சகோதரருக்கு இவ்வெட்கம் இருமடங்கு. குடிக்கும் பெண்ணுக்கோ சொல்லுந்தரமன்று. ஆதலால் அயலூருக்குப் பஸ் ஏறிப் போகின்றவனைக் கோழை என்னாதீர்கள். போகும் வழியில் கண்டால், எங்கே பயணம் என்று கேளாதிருங்கள். தமிழிலே பேசித் தமிழிலே அழ ஓர் அறை அருகில் இருப்பின் அப்பயணமும் குறையும்.

எம் போன்ற அரசியல்காரருக்கு அவ்வறையில் வேலை இல்லை. கொடி வேண்டாம், திறப்புவிழா வேண்டாம், பத்திரிகையில் படமும் வேண்டாம். மீனவர் கூட்டுறவுச் சங்கத்தாரையும் கமக்காரர் சங்கத்தாரையும் நாம் கேட்பது, வாரத்தில் ஒரு மாலைப்பொழுது மண்டபத்தின் திறப்பை மட்டுமே. புறத்தார் உதவியை ஏற்பதில்லை என்பது அவ்வியக்கத்தின் நெறி. தமக்குள் சேர்த்துச் சிறு வாடகை தருவார்கள். இலவசமாகத் தந்தோம் என்ற பெயருக்காக அதை மறுத்துவிடாதீர்கள். பெற்றுக்கொண்டு பற்றுச்சீட்டு எழுதும்போது பெயர் மட்டும் கேளாதிருங்கள்.