அரங்கம் ஒருவருக்கு, கடன் யாருக்கு?

(வெள்ளி விழாக் கல்வி அரங்கில் ஆற்றிய உரை)



ஒரு கழகம் இருபத்தைந்து ஆண்டுகள் நிலைத்து நிற்பது எளிய செயலன்று. பிடியரிசி சேர்த்தும், கூலியில் ஒரு பங்கை ஒதுக்கியும் நம் பெரியோர் இதனை வளர்த்தனர். ஆண்டுதோறும் பொதுக்குழுவில் வரவு செலவுக் கணக்கை வரி வரியாகப் படித்துக் காட்டும் வழக்கத்தையும் அவர்களே ஏற்படுத்தினர். சுண்ணாம்பு வாங்கிய கணக்கில் பத்து ரூபாய் இடித்தாலும் எழுந்து நின்று கேட்கும் தாய்மார்கள் இக்கழகத்தில் உண்டு.

நேற்று விளையாட்டுப் போட்டிகளுக்குப் பரிசளித்து முடிந்ததும் இளைஞர் ஒருவர் எம்மிடம் வந்தார். "ஐயா, அமெரிக்காவில் ஐம்பதாயிரம் பேர் அமரும் அரங்கங்களைக் கட்டுகின்றனர். அந்நாட்டு மக்களே அவற்றை எதிர்த்து வாக்களிக்கின்றனராமே, அவர்கள் விளையாட்டை வெறுப்பவர்களா?" என்று வினவினார். நல்ல வினா. அதற்கான விடையையே இன்று உங்கள் முன் வைக்க விழைகின்றோம்.

முதலில் ஒன்றைத் தெளிவு செய்துகொள்வோம். அந்நாட்டில் பேஸ்பால், அமெரிக்கக் கால்பந்து, கூடைப்பந்து ஆகிய தொழில்முறை ஆட்டங்களின் அணிகள் பெரும்பாலும் தனியார் உடைமைகள். நுழைவுச் சீட்டின் வருவாயும், ஒளிபரப்பின் வருவாயும் பெருமளவில் உரிமையாளர்க்கே செல்லும். ஆயினும் அரங்கம் கட்டும் செலவை நகரமும் மாவட்டமும் மாநிலமும் ஏற்க வேண்டும் என்று உரிமையாளர்கள் கேட்கின்றனர். மறுத்தால் அணியை வேறு நகருக்குக் கொண்டு செல்வோம் என்கின்றனர். அணிகளின் எண்ணிக்கையை அவர்களுடைய கூட்டமைப்பே வரையறுத்து வைத்திருப்பதால், அணியில்லாத நகரங்கள் எப்பொழுதும் காத்து நிற்கின்றன. அந்த அச்சுறுத்தலுக்கு வலிமை தருவது இதுவே.

லாஸ் ஏஞ்சல்ஸ் மாநகரில் சாவேஸ் ரவீன் என்னும் மலைச்சரிவு உண்டு. பாலோ வெர்தே, லா லோமா, பிஷப் என மூன்று குடியிருப்புகள் அங்கிருந்தன. மெக்சிகோ வழிவந்த எளிய குடும்பங்கள் 1,000-க்கும் மேல் அங்கு வாழ்ந்தன. நகரின் பல பகுதிகளில் அவர்களுக்கு வீடு விற்க மறுத்த காலம் அது. 1950 சூலையில் அவ்வீடுகளுக்கு ஓர் அறிவிப்பு வந்தது. நிலத்தை அரசு எடுத்துக்கொள்ளும். ஏழைகளுக்கென அங்கே புதிய அடுக்கு வீடுகள் கட்டப்படும். நிலம் தந்தோர்க்கு அவற்றில் முதலுரிமை உண்டு என்பது அதன் சாரம். பெரும்பாலோர் வெளியேறினர்.

வீடுகளோ எழவில்லை. பொதுவீட்டுத் திட்டம் பொதுவுடைமைச் சூழ்ச்சி என்று சொல்லி எதிர்த்தவர்கள் வென்றனர். 1953-இல் பதவியேற்ற நகரத் தலைவர் திட்டத்தைக் கைவிட்டார். பொதுநலனுக்கே பயன்படுத்த வேண்டும் என்ற விதியுடன் நிலம் குறைந்த விலையில் மாநகராட்சியின் கைக்கு வந்தது. 1957-இல் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியிலிருந்து டாட்ஜர்ஸ் அணியை அழைத்து வந்த வால்ட்டர் ஓமாலிக்கு அங்கே ஏறத்தாழ 300 ஏக்கர் அளிக்க மாநகராட்சி உடன்பட்டது. எதிர்த்தோர் கையெழுத்துத் திரட்டி மக்கள் வாக்கெடுப்பைக் கொணர்ந்தனர். 1958 சூன் 3-ஆம் நாள் ஆறரை இலட்சத்திற்கு மேற்பட்டோர் வாக்களித்தனர். ஏறத்தாழ 26,000 வாக்குகள் வேறுபாட்டில் ஒப்பந்தம் வென்றது.

1959 மே 8-ஆம் நாள், எஞ்சியிருந்த அரேச்சிகா குடும்பத்தினரைக் காவலர் வெளியேற்றினர். அக்குடும்பத்துப் பெண் ஒருவரைக் கையையும் காலையும் பற்றித் தூக்கி வந்தனர். வீடு அன்றே இடிக்கப்பட்டது. அவர்களுக்கு வேறு வீடுகள் உண்டெனப் பின்னர்ப் பத்திரிகைகள் எழுதியதும் ஊராரின் இரக்கம் குறைந்து போயிற்று. 1962 ஏப்ரல் 10-இல் அரங்கம் திறக்கப்பட்டது. கட்டடத்திற்குச் செலவிட்டது உரிமையாளரின் பணமே. ஆனால் நிலமோ, ஏழைக்கு வீடு என்ற சொல்லின் பேரில் ஏழையிடமிருந்து வாங்கிய நிலம். அந்த வாக்குறுதி எழுதப்பட்டிருந்த அறிவிப்பு மட்டும் அம்மக்கள் கையில் எஞ்சியது.

அடுத்து, சியாட்டில் நகர். அங்கு 1976-இல் பொதுப்பணத்தில் கிங்டோம் என்னும் பேரரங்கம் திறக்கப்பட்டது. இருபதாண்டு நிறைவதற்குள்ளாகவே அது போதாது, புதியது வேண்டும் என்றனர். 1995 செப்டம்பரில் பேஸ்பால் அணிக்கான புதிய அரங்கத்திற்கு வரி விதிக்கலாமா என்று மக்களைக் கேட்டனர். சிறு வேறுபாட்டில் மக்கள் "வேண்டாம்" என்றனர். அடுத்த மாதமே மாநிலச் சட்டமன்றம் சிறப்புக் கூட்டம் கூடி, வேறு வரிகளின் வழியாக "வேண்டும்" என்றது. 2000 மார்ச் 26-ஆம் நாள் கிங்டோம் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. ஆனால் அதன் கடன் தகரவில்லை. இல்லாத அரங்கத்தின் கடனை மக்கள் 2015 வரை செலுத்தினர்.

சின்சினாட்டி நகர் அமைந்துள்ள ஹாமில்டன் மாவட்டத்தில் 1996-இல் மக்கள் தாமே இசைந்து, இரண்டு அரங்கங்களுக்காக விற்பனை வரியை அரை விழுக்காடு உயர்த்திக்கொண்டனர். வீட்டு வரியில் சலுகை கிடைக்கும் என்பது அன்று தந்த உறுதி. கால்பந்து அணியுடன் எழுதிய குத்தகையில், எதிர்காலத்தில் வரக்கூடிய புதுக் கருவிகளையும் மாவட்டமே வாங்கித் தரவேண்டும் என்னும் விதி இருந்தது. அன்று எங்கும் பயனுக்கு வந்திராத கருவிகூட அப்பட்டியலில் இடம்பெற்றது. வரி வருவாய் எதிர்பார்த்தபடி பெருகாதபோது வீட்டு வரிச் சலுகை குறைக்கப்பட்டது. அணியின் உரிமை குறையவில்லை.

விற்பனை வரி என்பதை இளைஞர்கள் ஊன்றி நோக்க வேண்டும். ஆட்டம் பார்ப்பவரும் செலுத்துவார், பாராதவரும் செலுத்துவார். குழந்தைக்குச் சட்டை வாங்கும் கூலிக்காரரும் செலுத்துவார். அரங்கின் உயர்ந்த இருக்கையில் அமரும் செல்வரைவிட, தம் வருவாயில் பெரும் பங்கை அவரே செலுத்துவார்.

அரங்கம் வந்தால் வேலை பெருகும், வணிகம் பெருகும் என்பர் ஆதரிப்போர். ஊருக்கு ஒரு பெருமை, ஒற்றுமை உண்டாகும் என்றும் கூறுவர். பெருமையை நாம் மறுக்கவில்லை. வணிகக் கணக்கை மட்டும் ஆராய்வோம். ரோஜர் நோல், ஆண்ட்ரூ சிம்பாலிஸ்ட் என்னும் பொருளியல் அறிஞர்கள் தொகுத்து 1997-இல் வெளியிட்ட ஆய்வு நூல், அரங்கங்களால் நகரின் வளம் குறிப்பிடத்தக்க அளவு பெருகவில்லை என்று கண்டது. காரணம் எளிது. ஒரு குடும்பம் பொழுதுபோக்கிற்கென ஒதுக்கும் தொகை ஏறத்தாழ ஒன்றே. அரங்கில் செலவிட்டால், திரையரங்கிலும் உணவகத்திலும் அது குறையும். பேஸ்பால் அணி தன் ஊரில் ஆண்டுக்கு 81 ஆட்டங்கள் ஆடும். கால்பந்து அணியோ பத்து நாளளவே ஆடும். மற்ற நாட்களில் வாயிற்கதவு மூடியே கிடக்கும். நுழைவுச் சீட்டு விற்போர்க்கும் துப்புரவு செய்வோர்க்கும் கிடைப்பது பெரும்பாலும் அந்நாட்களின் கூலியே.

இனி, மக்கள் மறுத்தால் யாது நிகழும்? சான் பிரான்சிஸ்கோ நகரிலும் அதன் அண்டை ஊர்களிலும் 1987, 1989, 1990, 1992 என நான்கு முறை மக்கள் அரங்கத் திட்டங்களை மறுத்தனர். 1992-இல் அணி புளோரிடாவுக்கு விற்கப்படும் நிலையும் வந்தது. கூட்டமைப்பு அதனை ஏற்கவில்லை. பின்னர் 1996-இல் வேறொரு திட்டத்தோடு வந்தனர். கட்டடச் செலவு உரிமையாளர் பொறுப்பு, நிலம் துறைமுகத்தின் குத்தகை நிலம் என்றனர். மூவரில் இருவர் அளவு மக்கள் இசைந்தனர். 2000-இல் அரங்கம் திறந்தது. முன்பு மறுத்த அதே மக்கள் அங்கே சென்று ஆட்டம் கண்டு மகிழ்ந்தனர்.

மறுப்புக்கு விலையே இல்லை என்று யாம் சொல்ல மாட்டோம். சியாட்டில் நகர மக்கள் 2006-இல், நகரப் பணம் இத்தகைய அணிகளுக்குச் சென்றால் அதற்குரிய ஆதாயம் நகருக்கு வந்தாக வேண்டும் என்று வாக்களித்து விதி செய்தனர். 2008-இல் அவர்கள் நேசித்த கூடைப்பந்து அணி ஓக்லஹோமா சிட்டிக்குப் போய்விட்டது. அந்த இழப்பு உண்மையான இழப்பு. எனினும் அதே இடத்து அரங்கம் பிற்பாடு தனியார் பணத்தில் புதுப்பிக்கப்பட்டு 2021-இல் திறக்கப்பட்டது.

2024 ஏப்ரல் 2-ஆம் நாள் மிசூரி மாநிலத்தின் ஜாக்சன் மாவட்டத்தில், இரண்டு அணிகளுக்காக விற்பனை வரியை நாற்பது ஆண்டுகள் நீட்டிக்கக் கேட்டபோது நூற்றுக்கு 58 பேர் மறுத்தனர். அவ்விரு அணிகளில் ஒன்று அவ்வாண்டே தேசிய வெற்றி பெற்ற கால்பந்து அணி! வெற்றியைக் கொண்டாடியவர்களே திட்டத்தின் விவரம் போதாது என்றனர். இரண்டே மாதங்களில் எல்லைக்கு அப்பாலுள்ள கான்சாஸ் மாநிலம், அரங்கச் செலவில் 70 விழுக்காடு வரை கடன் பத்திரங்களால் திரட்டித் தருவதாகச் சட்டம் இயற்றிற்று. இவ்வாறு இரு மாநிலங்கள் ஏலம் கேட்கும்போது ஆதாயம் யாருக்கு என்பதை நாம் விளக்க வேண்டுவதில்லை.

வினவிய இளைஞரே! இப்பொழுது உமக்கு விடை கூறுகின்றோம். அம்மக்களுள் மிகப் பலர் விளையாட்டை நேசிப்பவர்களே. அவர்கள் கேட்டது கணக்கு. யார் கட்டுவது, யார் செலுத்துவது, எத்தனை ஆண்டு செலுத்துவது, நட்டம் வந்தால் யாருடையது, எழுந்து போகும் ஏழைக்கு எழுத்தில் என்ன உறுதி என்னும் ஐந்து வினாக்களையே அவர்கள் கேட்டனர். விடை நேர்மையாக வந்த இடத்தில் இசைந்தனர். வராத இடத்தில் மறுத்தனர்.

நம் முன்னோர் தாம் படிக்க இயலாத தாள்களில் கைநாட்டு வைத்தனர். அத்தாள்களில் என்ன எழுதியிருந்தது என்பது நிலம் கைமாறிய பின்னரே அவர்களுக்குத் தெரிந்தது. பாலோ வெர்தே மக்களின் கதை நமக்கு அயலார் கதையாகத் தோன்றாமைக்குக் காரணம் அதுவே. இக்கழகம் இருபத்தைந்து ஆண்டுகளாக நம் பிள்ளைகளுக்குக் கற்பித்த எழுத்தும் எண்ணும் தேர்வுக்கு மட்டும் உரியவை என்று எண்ணிவிடாதீர். அரங்கமோ பாலமோ ஆலையோ, எது வரினும், பொதுப்பணமும் பொதுநிலமும் செல்லும் இடத்தில் ஒப்பந்தத்தைக் கேட்டு வாங்கி, கடைசி வரி வரை படித்து, புரியாததை எழுந்து நின்று வினவுங்கள். நம் பொதுக்குழுவில் பத்து ரூபாய்க்குக் கணக்குக் கேட்கும் தாய்மார்கள் அதற்கு வழிகாட்டியிருக்கின்றனர்.

மாலையில் திடலில் பந்து விளையாடுங்கள். உடலும் உள்ளமும் வலுப்பெறட்டும். இரவில் ஒரு மணி நேரம் கழக நூலகத்தில் அமர்ந்து படியுங்கள்.