உழைப்பாளர் வீட்டு நேரக் கணக்கு

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் அரசுப் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



பல தொழில் புரிவோரின் அன்றாட வாழ்க்கையைப் பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் என்னைப் பணித்துள்ளனர். கல்விச் சங்கத்தின் விழாவில் தொழிலைப் பற்றிய பேச்சு எதற்கு எனச் சிலர் எண்ணக்கூடும். உழவுக்கு ஓர் அதிகாரமும் ஆள்வினையுடைமைக்கு ஓர் அதிகாரமும் வகுத்த வள்ளுவப் பெருந்தகை, கல்விக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார். உழைப்பும் கல்வியும் வேறு வேறு உலகங்கள் அல்ல. உழைப்பவர் வீட்டில் நேரம் எவ்வாறு செலவாகிறது என்பதை அறியாமல், அவ்வீட்டுப் பிள்ளை ஏன் படிக்கிறது, ஏன் இடையில் நிற்கிறது என்பதை எவராலும் அறிந்துகொள்ள இயலாது. இதுவே நான் இன்று சொல்ல விரும்பும் செய்தி.

நாள் ஒன்றுக்கு 24 மணி நேரம் என்பது எல்லோர்க்கும் பொது. ஆனால் அந்த 24 மணி நேரத்தில் தனக்கென்று உரியது எவ்வளவு என்பது எல்லோர்க்கும் பொதுவன்று. ஒருவர் அடிமையா உரிமையுடையவரா என்பதை அறிய அவருடைய நேரக் கணக்கைப் பார்த்தால் போதும். நம் பாட்டன்மார் நிலக்கிழாரின் களத்தில் உழைத்த காலத்தில் வேலைக்குத் தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை. அழைத்தபோது போக வேண்டும். அனுப்பியபோது வர வேண்டும். பொழுது அவர்களுடையதாக இருந்ததில்லை.

எட்டு மணி நேர வேலை என்பது எவரும் இரக்கப்பட்டு ஈந்த கொடையன்று. 1886-இல் சிகாகோ நகரத் தொழிலாளர்கள் அதற்காகக் குருதி சிந்தினர். 1923-இல் சிந்தனைச் சிற்பி சிங்காரவேலர் சென்னையில் மே தினத்தைக் கொண்டாடி, அக்கருத்தை நம் மண்ணில் விதைத்தார். 1942 முதல் 1946 வரை வைசிராயின் நிர்வாக சபையில் தொழிலாளர் துறைப் பொறுப்பை வகித்தவர் அண்ணல் அம்பேத்கர். அக்காலத்தில் நடந்த முயற்சிகளின் பயனாகவே, வாரத்திற்கு 54 மணி நேரமாக இருந்த ஆலை வேலை 1946-ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தத்தால் 48 மணி நேரமாகக் குறைந்தது. அண்ணலை அரசியலமைப்பின் சிற்பி என்று போற்றுகிறோம். மாலையில் நம்மை வீடு திரும்பச் செய்தவர்களுள் அவரும் ஒருவர் என்பதைப் பலர் அறியார்.

இனி, நம் வட்டாரத்துத் தொழிலாளரின் ஒரு நாளைப் பார்ப்போம்.

பட்டாசுத் தொழிலாளர்

1922-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினர். மறு ஆண்டே சிவகாசியில் அத்தொழில் தொடங்கியது. மழை பொய்த்த கரிசல் பூமியில், காய்ந்த காற்றே தொழிலுக்குத் துணையாயிற்று. பின்னர் பட்டாசும் அச்சும் வளர்ந்தன. வயற்காட்டுக் கூலியையே நம்பியிருந்த நம் மக்களுக்கு வாரந்தோறும் கையில் காசு கிடைக்கும் வழி பிறந்தது. ஊர்ப் பெரிய வீட்டின் தயவின்றி அடுப்பெரிக்கலாம் என்ற நிலையை இத்தொழில் தந்தது. அந்த நன்றியை மறத்தல் ஆகாது. அதற்கு நாம் கொடுத்த விலையையும் மறத்தல் ஆகாது.

பட்டாசு ஆலைக்குச் செல்லும் ஒரு தாயின் நாள் அதிகாலை நான்கு மணிக்குத் தொடங்குகிறது. தண்ணீர் பிடித்து, சோறாக்கி, பிள்ளைகளுக்கு எடுத்து வைத்துத் தனக்கும் தூக்குச் சட்டியில் கட்டிக்கொண்டு ஆறு மணி அளவில் கம்பெனி வண்டிக்காகச் சாலையில் நிற்கிறாள். மருந்து கலப்பதும் செலுத்துவதும் வெயில் ஏறுமுன் முடிய வேண்டிய வேலைகள். சூடும் உராய்வும் மருந்துக்குப் பகை. ஈரம் மற்றொரு பகை. அலுமினியப் பொடி கலந்த மருந்தில் ஈரம் பட்டால் அது தானே சூடேறும். ஆகவேதான் கலந்த மருந்தை மறுநாளைக்கு மீதம் வைத்தல் கூடாது என்பது விதி. மருந்தைக் கையாளும் அறையில் நான்கு பேருக்கு மேல் இருத்தல் கூடாது. இரும்புக் கருவி கூடாது. பருத்தி ஆடையே அணிய வேண்டும். கதவுகள் வெளிப்புறமாகத் திறக்க வேண்டும். ஒவ்வொரு விதிக்குப் பின்னும் பல உயிர்களின் இழப்பு உண்டு.

இவ்விதிகள் ஏன் மீறப்படுகின்றன? தொழிலாளியின் அறியாமை என்று எளிதாகச் சொல்லிவிடுவர். எண்ணிக்கைக்குக் கூலி என்னும்போது கை விரைகிறது. உரிமம் பெற்றவர் ஒருவராகவும் உள்குத்தகைக்கு எடுத்து நடத்துபவர் வேறொருவராகவும் இருக்கும்போது, குறுகிய காலத்தில் மிகுதியாக எடுத்துவிட வேண்டும் என்ற பேராசை புகுகிறது. அறையில் ஆள் கூடுகிறது. மரத்தடியிலும் வேலை நடக்கிறது. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் ஏறத்தாழ 40 பேர் மாண்டனர். உதவ ஓடி வந்தவர்களும் அவர்களுள் உண்டு. 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூரை அடுத்த அச்சங்குளத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவ்விரு நாள்களிலும் காலையில் தூக்குச் சட்டியோடு போனவர்கள் மாலையில் திரும்பவில்லை. இவற்றை விதி என்று சொல்லி அமைதி அடைவது நமக்கு நாமே இழைக்கும் தீங்காகும்.

மாலையில் வீடு திரும்பும் அத்தாய் கைகளிலும் கூந்தலிலும் படிந்த வெள்ளிப் பொடியைக் கழுவுகிறாள். பின்னர் மீண்டும் தண்ணீர், மீண்டும் அடுப்பு. அவள் படுக்கும்போது மணி பத்து. ஆலையில் உழைத்தது எட்டு மணி நேரம். வீட்டில் உழைத்தது ஆறு மணி நேரம். இந்த ஆறு மணி நேரத்தை எந்தச் சட்டமும் கணக்கில் கொள்வதில்லை. நாமாவது கொள்ள வேண்டாமா?

ஆண்டுக்கும் ஒரு கணக்கு உண்டு. தீபாவளிக்கு முந்திய மாதங்களில் வேலை நெருக்கும். தீபாவளி கழிந்தால் சில வாரங்கள் ஆலைகள் அடைபட்டுக் கிடக்கும். மழை நாள்களில் காய வைக்க இயலாது, வேலையும் இல்லை. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்பையும் சரவெடியையும் தடை செய்தபின், பின்னல் வேலையை நம்பியிருந்த பெண்கள் பலருக்கு வேலை நாள் குறைந்தது. முன்பணம் வாங்கிய குடும்பம் அதைக் கழிக்க முடியாமல் திகைக்கிறது. வேலையில்லா நாளின் நேரம் ஓய்வு நேரமன்று. அது கடன் ஏறும் நேரம்.

தீப்பெட்டியும் குழந்தைகளும்

இளைஞர்களே, இப்பகுதியை நீங்கள் நன்கு அறிந்துகொள்ள வேண்டும். நான் பள்ளி மாணவனாக இருந்த 1970-களின் பிற்பகுதியிலும் 1980-களிலும், விடியுமுன்னே ஊர் ஊராக வண்டிகள் வந்து, தூக்கம் கலையாத குழந்தைகளை ஏற்றிக்கொண்டு தீப்பெட்டி ஆபீஸ்களுக்குச் சென்றன. கட்டை அடுக்குவதும் பெட்டி ஒட்டுவதும் பெட்டி அடைப்பதும் சிறு விரல்களின் வேலையாயின. எத்தனைக் கட்டை அடுக்கினாய் என்று கேட்டார்களே ஒழிய, எந்த வகுப்புப் படிக்கிறாய் என்று கேட்டவர் குறைவு.

1986-இல் குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் வந்தது. ஆயினும் 1991-இல் மீனம்பட்டியில் நேர்ந்த வெடிவிபத்தில் மாண்ட முப்பதுக்கும் மேற்பட்டோருள் குழந்தைகளும் இருந்தனர். 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம், அபாயமான தொழிலில் அமர்த்தப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் வேலையளித்தவர் 20,000 ரூபாய் செலுத்த வேண்டும் என்றும், அக்குழந்தையைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும் என்றும் தீர்ப்பளித்தது. சிவகாசி பற்றிய வழக்கில் பிறந்த தீர்ப்பு நாடு முழுவதற்கும் பொருந்துவதாயிற்று. இன்று அந்த விடியற்காலை வண்டிகள் இல்லை. விருதுநகரில் பிறந்த பெருந்தலைவர் காமராசர் 1956-இல் பரவலாக்கிய மதிய உணவும், சட்டமும், தாய்மார்களின் உறுதியும் சேர்ந்தே குழந்தைகளை வகுப்பறைக்குக் கொணர்ந்தன. ஆனால் விடுமுறையில் "சும்மா இருக்கும் பிள்ளை" என்று வீட்டு வேலைக்கூலிக்குக் குழாய் உருட்ட வைக்கும் பழக்கம் அறவே மறைந்துவிட்டதா என்பதை அவரவர் தெருவைப் பார்த்து அவரவரே விடை சொல்லிக்கொள்ள வேண்டும்.

பிற தொழிலாளர்

விருதுநகர்ச் சந்தையின் கிட்டங்கிகளில் மல்லியும் வத்தலும் பருப்பும் மூட்டை மூட்டையாக ஏறி இறங்குகின்றன. சுமைப்பணித் தொழிலாளியின் வேலை லாரியின் வருகையைப் பொறுத்தது. காலையில் வந்து காத்திருப்பார். லாரி நண்பகலில் வரும். காத்திருந்த நேரத்திற்குக் கூலியில்லை. தூக்கிய மூட்டைக்கே கூலி. ஐம்பது வயதில் முதுகு வளைந்துவிடும். அதன் பின்னும் உழைக்க வேண்டிய ஆண்டுகள் மீதமிருக்கும்.

சிவகாசி அச்சகத் தொழிலாளியின் நாள் வேறு விதமானது. ஆடிப்பெருக்கு அன்று புத்தாண்டு நாள்காட்டி மாதிரிகள் வெளிவரும். அதுமுதல் மார்கழி வரை இரவும் பகலும் இயந்திரம் ஓடும். நாடெங்கும் வீட்டுச் சுவர்களில் நாள் கிழிக்கும் நாள்காட்டியை அச்சிடுபவருக்குத் தன் பிள்ளையின் பள்ளி ஆண்டு விழா நாள் நினைவிற்கு வராது. இரவுப்பணி முடித்து அவர் உறங்கும் வேளையில் பிள்ளை பள்ளிக்குப் புறப்பட்டுவிடும்.

நகரத் தூய்மைப் பணியாளர் நம் உறக்கம் கலையுமுன் வருகைப் பதிவிடுகிறார். நாம் எழுந்து பார்க்கும்போது தெரு தூய்மையாக இருக்கிறது. தூய்மை செய்தவர் கண்ணில் படுவதில்லை. கையால் மலம் அள்ளும் கொடுமையை ஒழிக்க 1993-இலும் 2013-இலும் சட்டங்கள் இயற்றப்பட்டன. கழிவுநீர்க் குழியில் இறந்தவர் குடும்பத்திற்கு 10 லட்சம் ரூபாய் வழங்குமாறு 2014-இல் ஆணையிட்ட உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபரில் அதனை 30 லட்சமாக உயர்த்தியது. இழப்பீடு உயர்வதைவிட இறப்பு நிற்பதே நாம் வேண்டுவது.

இத்தனைத் தொழில்களையும் ஒருசேர வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை விளங்கும். ஆபத்து மிகுந்ததும், முதுகை முறிப்பதும், விடியுமுன் தொடங்குவதும் ஆகிய வேலைகளில் நம் தெருக்காரர் மிகுதி; கணக்கு எழுதும் மேசையிலும் கையெழுத்திடும் நாற்காலியிலும் நம்மவர் குறைவு. இது திறமையின் பங்கீடன்று. பிறப்பை வைத்துச் செய்யப்பட்ட பங்கீடு. இதனை மாற்றுவதற்கே இச்சங்கம் தோன்றியது.

நாம் செய்ய வேண்டியவை

பம்பாயில் பரேல் பகுதியின் ஒற்றை அறைக் குடியிருப்பில் வளர்ந்த அம்பேத்கரை, தந்தை ராம்ஜி அதிகாலை இரண்டு மணிக்கு எழுப்பிப் படிக்க வைத்தார் என்று அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர். கூட்டமும் சந்தடியும் அடங்கிய அந்த நேரத்தை ஒரு தந்தை தம் மகனுக்குத் தேடிக் கொடுத்தார். நம் பிள்ளைகளுக்கும் அத்தகைய நேரத்தைத் தேடிக் கொடுப்பதே நம் கடமை. அதற்குச் சில கருத்துகளை முன்வைக்கிறேன்.

முதலாவது, சங்கத்தின் மாலை வகுப்பு தொழிலாளர் வீட்டு நேரத்தை ஒட்டி நடக்க வேண்டும். ஐந்து மணி வகுப்புக்கு வராத பெண் பிள்ளை சோம்பேறியல்லள். தாய் வருமுன் தண்ணீர் பிடிக்கச் சென்றிருக்கிறாள். ஏழு மணிக்குத் தொடங்கி ஒன்பது மணிக்கு முடித்து, பெண் பிள்ளைகளைத் துணையோடு வீட்டில் சேர்த்தால் வருகை தானே உயரும்.

இரண்டாவது, ஆண் பிள்ளைகள் வீட்டு வேலையில் பாதியை ஏற்க வேண்டும். அக்காளும் தங்கையும் குடம் சுமக்க, தம்பி மட்டும் புத்தகம் சுமப்பது நியாயமன்று. சமத்துவத்தை மேடையில் கேட்கும் நாம் அதனை அடுப்படியில் தொடங்குவோம்.

மூன்றாவது, செப்டம்பர் மாதத்தின்மீது கண் வையுங்கள். காலாண்டுத் தேர்வும் பட்டாசு வேலையின் நெருக்கடியும் ஒரே காலத்தில் வருகின்றன. ஒன்பதாம், பத்தாம் வகுப்பு மாணவர்களின் வருகை அப்போதுதான் குறைகிறது என்பது என் பள்ளி அனுபவம். ஒரு வாரம் வராத பிள்ளையின் வீட்டுக்கு எட்டாம் நாள் சங்க இளைஞர் ஒருவர் சென்றாக வேண்டும். மூன்று வாரம் கழிந்தால் அப்பிள்ளை கையில் கூலி வாங்கிப் பழகிவிடும்.

நான்காவது, படித்த இளைஞர்கள் ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் தெருவில் அமர்ந்து, பாதுகாப்பு விதிகளைத் தாய்மார்களுக்குப் படித்துச் சொல்ல வேண்டும். ஈ.எஸ்.ஐ. அட்டையில் பெயர் சரியாக உள்ளதா, வருங்கால வைப்புநிதி கட்டப்படுகிறதா எனப் பார்த்துத் தர வேண்டும். உங்கள் படிப்பின் முதற்பயன் உங்கள் தாயின் உயிருக்குக் காவலாக அமையட்டும்.

ஐந்தாவது, கிடைக்கும் உதவிகளைக் கைவிடாதீர்கள். 2022-இல் மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம், ஆறு மணிக்கே ஆலைக்குப் புறப்படும் தாயின் மனச்சுமையைக் குறைத்துள்ளது. அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்வி செல்லும் பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் வழங்கும் புதுமைப்பெண் திட்டம் 2022-இலும், ஆண்களுக்கான தமிழ்ப்புதல்வன் திட்டம் 2024-இலும் வந்தன. தகுதியிருந்தும் விண்ணப்பிக்காத பிள்ளை நம் தெருவில் ஒன்றுகூட இருத்தல் கூடாது.

இளைஞர்களே! மேனிலைத் தேர்வுத் தேர்ச்சியில் விருதுநகர் மாவட்டம் பல ஆண்டுகள் மாநிலத்தில் முதலிடம் பெற்றது. அப்பெருமையில் தூக்குச் சட்டி சுமந்த தாய்மார்களின் பங்கு உண்டு. படித்து உயர்ந்தபின் அவர்தம் தொழிலைச் சொல்ல நாணாதீர்கள். "என் தாய் பட்டாசு ஆலையில் மருந்து செலுத்தினார், என் தந்தை மூட்டை தூக்கினார்" என்று அலுவலகத்தில் தலைநிமிர்ந்து சொல்லுங்கள். அதே வேளையில், அந்தத் தொழிலைச் செய்தே தீர வேண்டிய கட்டாயம் அடுத்த தலைமுறைக்கு வாராதவாறு காத்து நில்லுங்கள். தொழிலில் இழிவில்லை, பிறப்பின் பெயரால் ஒருவர்மீது ஒரு தொழிலைச் சுமத்துவதிலேயே இழிவு உள்ளது.

அடுத்த 25 ஆண்டுகளில் இச்சங்கம் பொன்விழாக் காணும்போது, நம் வீடுகளில் மாலைப் பொழுது உரிமையோடு கழிய வேண்டும். தாயும் பிள்ளையும் ஒரே விளக்கின் கீழ் அமர்ந்திருக்க வேண்டும். அதற்கான வேலையை இவ்வாரமே தொடங்குவோம்.